உச்சிக்கயிறு பிடித்த தோர்லிக்

தோர்லிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவன் தொப்பையில்தான் தொடங்க வேண்டும். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தொப்பை வரும், பிறகு சிரிப்பு வரும், கடைசியில்தான் ஆள் வருவான். எங்கள் பக்கத்து மூன்று வீட்டுக்கும் அந்தத் தொப்பை பொதுச் சொத்து. வசந்த காலத்தில் வடமேற்கே வானம் மஞ்சள் பூத்தால் போதும், காணாமல் போன ஆட்டைத் தேடுவதற்கு முன்னால் தோர்லிக்கைத் தேடுவோம்.

கோபிப் பாலைவனத்தில் வசந்தம் என்றால் பூவும் இல்லை, குயிலும் இல்லை. காற்றுதான். ஆடுகள் குட்டி போடும் சமயம் பார்த்து அது வரும். வந்தால் கண்ணில் மண், காதில் மண், மாவில் மண். அதைப் பற்றிப் புலம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பிறந்த இடம் இது, இதன் காற்று இது, வேறு எங்கே போய் நிற்பது?

எங்கள் வீடுகள் வட்டமானவை. மரத்தட்டிகளைச் சுற்றி நிறுத்தி, அவற்றின் மேலிருந்து கழிகளைச் சாய்த்து நடுவில் ஒரு வளையத்தில் செருகி, எல்லாவற்றுக்கும் தடித்த கம்பளி போர்த்தி, இடுப்பில் கயிறு கட்டினால் வீடு. ஆணி அடிக்கிற வேலை இல்லை. மூலையும் இல்லை என்பதால் காற்றுக்குப் பிடி கிடைக்காது. முதுகைத் தடவிவிட்டு அந்தப் பக்கமாகப் போய்விடும். சாதாரணக் காற்றுக்கு இது போதும். பெருங்காற்று வேறு ரகம். அது அடியில் கைவிட்டுத் தூக்கப் பார்க்கும். கொதிக்கிற பானையின் மூடி மாதிரி உச்சி வளையம் எழும்பத் துடிக்கும். அது எழும்பிவிட்டால் கழிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும், அப்புறம் தட்டிகளைப் பக்கத்து மாவட்டத்தில் போய்ப் பொறுக்க வேண்டியதுதான்.

அதற்காகத்தான் வளையத்திலிருந்து ஒட்டக மயிரில் திரித்த கயிறு ஒன்று தொங்கும். உச்சிக்கயிறு. மற்ற நாட்களில் அதைச் சுருட்டிக் கழிகளுக்கு இடையில் செருகி வைப்போம். குழந்தைகள் தொட்டால் கையில் ஓர் அடி விழும். பெருங்காற்று வந்தால் அவிழ்த்து அதில் பாரம் கட்ட வேண்டும். மணல் மூட்டை கட்டலாம். ஆள் இருந்தால் ஆளே தொங்கலாம். ஆள்தான் நல்லது. எப்போது இழுப்பது, எப்போது கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்று மூட்டைக்குத் தெரியாது. விட்டுக்கொடுக்காமல் இழுத்தால் கழி முறிந்துவிடும்.

தோர்லிக் பிறந்ததே கனமாகத்தான் என்று அவன் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பையன் பெருத்ததைப் பார்த்து அவன் அப்பா மல்யுத்தக்காரனாக்க ஆசைப்பட்டார். ஒவ்வொரு கோடைத் திருவிழாவிலும் களத்தில் இறங்குவான், முதல் சுற்றிலேயே மல்லாந்து விழுவான், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு தன்னைத் தள்ளியவனோடு சேர்ந்து சிரிப்பான். கோபமே வராதவன் எப்படி மல்யுத்தம் செய்வது? பெற்றோர் போன பிறகு சில ஒட்டகங்களோடும் ஒரு சின்ன வீட்டோடும் தனியாக இருந்தான். மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பான், நன்றாகச் சமைப்பான், மோசமாகப் பாடுவான்.

அவனுக்கு இந்த உச்சிக்கயிறு உத்தியோகம் கிடைத்தது என் வீட்டில்தான். நான் கல்யாணமாகி வந்த புதிது. என் கணவர் புன்சக் ஆடுகளோடு வெளியே போயிருந்தார். தோர்லிக் தேநீர் குடிக்க வந்திருந்தான். திடீரென்று காற்று மோத, தலைக்கு மேல் வளையம் குதித்தது. நான் கத்தினேன். அவன் ஒரு கையில் கிண்ணத்தோடு மறு கையால் கயிற்றை இழுத்துப் பிடித்து, தரையில் உட்கார்ந்துவிட்டான். காற்று ஓயும்வரை அவனும் அசையவில்லை, வீடும் அசையவில்லை. ஒரு சொட்டுத் தேநீர்கூடச் சிந்தவில்லை என்று இன்றுவரை பெருமையடிக்கிறான். சிந்தியது. என் புதுக் கம்பளி விரிப்பில்தான் சிந்தியது.

அன்று முதல் அவன் எங்களுக்கு வேண்டியவன் ஆனான். கயிறு பிடிப்பவனுக்கு முதல் கிண்ணம், ஆட்டு வால் கொழுப்பில் தடித்த துண்டு. "நல்லா தின்னுடா, வசந்தம் வருது," என்று மூன்று வீட்டிலும் மாற்றி மாற்றி ஊட்டினோம். நியாயமாகப் பார்த்தால் அந்தத் தொப்பையில் பாதி எங்களுடையது.

ஒரு வருஷம் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் எங்கள் வீடுகளுக்குப் பக்கத்தில் வந்து தங்கினார்கள். கவிழ்த்த கிண்ணம் மாதிரி நைலான் கூடாரங்கள், பளபளவென்று ஆரஞ்சு நிறம். காற்று வந்தபோது நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம். கூடாரம் தரையோடு தரையாகப் படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. ஒடியவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மணலில் அடித்த முளை நிற்குமா? ஒரு கூடாரம் முளைகளைப் பிடுங்கிக்கொண்டு உருள ஆரம்பித்தது. தோர்லிக் ஓடிப்போய் அதன் வாயில் வழியாக உள்ளே பாய்ந்து குப்புறப் படுத்துக்கொண்டான். உள்ளே ஏற்கெனவே ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மூவரும் மாலைவரை அப்படியே கிடந்தார்கள். வெளியே வந்தபோது அந்த அம்மாள் அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் கைகள் அவன் இடுப்பில் பாதிச் சுற்றுக்குக்கூட எட்டவில்லை.

இப்படி ஊரார் வீட்டையெல்லாம் கட்டிக் காத்தவனுக்குச் சொந்தமாக ஒரு குடும்பம் அமையவில்லை. செவெல் வரும்வரை அவனும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

செவெல் என் கணவருக்குத் தூரத்து உறவு. கணவன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போன பிறகு, நாலு வயது மகள் நாராவோடும் ஒட்டகங்களோடும் எங்கள் பக்கம் வந்து வீடு போட்டாள். ஒல்லியானவள், கெட்டிக்காரி, வாயைத் திறந்தால் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை வராது. அவள் வந்த வசந்தத்தில் முதல் காற்றுக்கு நானே தோர்லிக்கை அவள் வீட்டுக்கு அனுப்பினேன். போனவன் காற்று நின்ற பிறகும் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தால், நாராவைத் தொப்பையில் உட்கார வைத்து ஒட்டகம் விளையாடிக்கொண்டிருக்கிறான். செவெல் அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வானத்தில் ஒரு தூசு இல்லாத நாளிலும் அவனுக்குக் காற்று தெரிய ஆரம்பித்தது.

"எங்கடா கிளம்பிட்டே?" என்று என் கணவர் கேட்பார்.

"செவெல் வீட்டுக்குண்ணே. காத்து வர்ற மாதிரி இருக்கு."

"ஒரு புல்லு ஆடல. எந்தப் பக்கத்துலேருந்து வருது காத்து?"

"வந்துடும்ணே. வந்தப்புறம் போனா நல்லாருக்காதுல்ல?"

"போ போ. உன் நெஞ்சுக்குள்ள அடிக்கிற காத்துக்கு எந்தக் கயித்தைப் புடிக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியல."

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அவன் என்னிடம் வந்து, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு, தனக்காகச் செவெலிடம் பேச முடியுமா என்று கேட்டான். பேசினேன். அவள் ஒட்டகப் பால் கறந்துகொண்டே கேட்டாள்.

"நல்லவர்தான் அக்கா. இல்லேன்னு சொல்லல. வசந்தம் போகட்டும், சொல்றேன்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவனிடம் வந்து சொன்னபோது அவன் முகம் விளக்கு ஏற்றியது போல ஆயிற்று. வசந்தம்தான் அவன் காலம். வசந்தத்தில் அவனை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

குளிர்காலத்தில் நாங்கள் மலை மறைவில் தனித்தனியாகப் பிரிந்து போய்விடுவோம். ஒருவரையொருவர் பார்ப்பது அரிது. அந்தக் குளிர்காலத்தில் தோர்லிக்குக்கு ஓயாத தாகம், கால் மரத்துப்போனது. மாகாணத் தலைநகர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். சர்க்கரை என்றார்கள். கொழுப்பை விடு, மாவைக் குறை, நட, மாத்திரையை விடாதே என்று அனுப்பினார்கள். சொன்னபடி கேட்டிருக்கிறான். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

வசந்தத்தில் எல்லோரும் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவனும் வந்தான். ஆட்டுத்தோல் வைத்துத் தைத்த குளிர்கால அங்கியில் இருந்தான். முகம் சப்பிப் போயிருந்தது. உடம்பு மட்டும் பழையபடி உருண்டையாகத் தெரிந்தது.

"என்னடா, மூஞ்சி இப்படி ஒட்டிப்போச்சு?" என்றேன்.

"பல்லு வலி தாரி அக்கா. மெல்ல முடியல."

"வெயில் அடிக்குது, இன்னும் தோலங்கியை மாட்டிக்கிட்டுத் திரியறே?"

"உள்குளிரு அக்கா."

நெற்றியில் வேர்வை வழிய நின்றுகொண்டு உள்குளிர் என்கிறான். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் அது ஆடு குட்டி போடும் சமயம், எனக்கு என் மூக்கைச் சிந்தவே நேரம் இல்லை.

செவெல் வீட்டைப் பார்த்தபோது வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. போன வருஷம் உச்சிக்கயிற்றுக்கென்று அவள் தைத்து வைத்திருந்த மணல் மூட்டையைக் காணோம். சாக்கைப் பிரித்து, பிறந்த குட்டிகளுக்குப் படுக்கையாகப் போட்டிருந்தாள்.

"மூட்டை எங்கடி?"

"எதுக்கு அக்கா? அதான் தோர்லிக் இருக்காரே."

அப்படி அவள் யாரையும் நம்பிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அதனால் மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

காற்று வந்த நாளில் நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். வெள்ளாடுகளின் மென்மயிரைச் சீவி எடுக்கும் வேலை; ஆடு கத்தும், உதைக்கும், இருவர் சேர்ந்தால் எளிது. மதியம் தாண்டியிருக்கும். நாராதான் முதலில் பார்த்தாள். "அம்மா, வானம் அழுக்காயிடுச்சு," என்றாள். திரும்பிப் பார்த்தோம். வடமேற்கில் அடிவானமே இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் எழுந்து வந்துகொண்டிருந்தது.

ஆடுகளைக் கொட்டிலில் அடைத்தோம். குட்டிகளை வாரிக்கொண்டு வீட்டுக்குள் போட்டோம். வெளிக்கயிறுகளை இறுக்கினேன், கம்பளியின் அடியோரத்தில் கல் அடுக்கினேன். செவெல் அடுப்பை அணைத்துப் புகைக்குழாயைக் கழற்றி, உச்சியின் மூடுதுணியை இழுத்து மூடினாள். அதற்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தோர்லிக் அந்தச் சுவருக்கு முன்னால் முந்திக்கொண்டு வந்து இறங்கினான். அங்கி உப்பியிருந்தது. கொஞ்சம் தள்ளாடித்தான் நடந்தான்.

"வந்தாச்சு, வந்தாச்சு! யாரும் பயப்படாதீங்க!" என்று கதவைச் சாத்தினான்.

வழக்கம்போல நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். நாரா பாத்திரப் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உடனே இருட்டியது. மணல் கம்பளியில் அறையும் சத்தத்தில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை.

முதல் வீச்சைத் தாங்கிவிட்டான். இழுத்தான், விட்டான், இழுத்தான். கழிகள் கடகடவென்று ஆடி அடங்கின. அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்கூட. இரண்டாவது வீச்சு அடியிலிருந்து வந்தது. நான் கல் அடுக்கிய இடத்தில் எங்கோ கம்பளி கிளம்பி, காற்று உள்ளே புகுந்தது. வளையம் துள்ளியது. தோர்லிக் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டான். அவனாக எழவில்லை, கயிறு எழுப்பியது. கைகள் தலைக்கு மேலே போய், நுனிக்காலில் நின்றான். அப்போது அங்கியின் மேல் இறுக்கிக் கட்டியிருந்த துணிக் கச்சை அவன் இடுப்பிலிருந்து நழுவியது. தொப்பை இருந்தவரை அந்தக் கச்சை நழுவ வழியே இல்லை.

அங்கியின் மடியிலிருந்து கற்கள் கொட்டின.

சின்னக் கற்கள் அல்ல. ஒன்று என் கால்விரலில் விழுந்தது, ஒன்று கெட்டிலை நசுக்கியது, ஒன்று குட்டியின் பக்கத்தில் விழ அது அலறிக்கொண்டு ஓடியது. கற்களுக்குப் பின்னாலேயே, இடுப்பில் சுற்றியிருந்த பழைய கம்பளித் துண்டும் அவிழ்ந்து விழுந்தது. இத்தனையும் போன பிறகு அங்கிக்குள் மிஞ்சியது ஒரு மெலிந்த மனிதன். அடுத்த வீச்சில் அவன் இரண்டு கால்களும் தரையை விட்டன.

அவன் கயிற்றை விடவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். உள்ளங்கை உரிந்து ரத்தம் கயிற்றில் வழிந்தது, விடவில்லை.

செவெல் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்துக் கீழே இழுத்தாள். அவள் கைகள் அவன் முதுகுக்குப் பின்னால் சேர்ந்துவிட்டன. அதை அவளும் உணர்ந்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு பார்க்க நேரமில்லை; நான் அவளைக் கட்டிக்கொண்டு என் கனத்தையும் சேர்த்தேன். என் கனம் ஒன்றும் குறைவில்லை. மூவரும் ஒரே மூட்டையாக அந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தோம். நாரா பயத்தில் அழுதுகொண்டே இருந்தாள். வடமேற்குப் பக்கம் இரண்டு கழிகள் படபடவென்று முறிந்தன. வளையம் இறங்கியது, ஏறியது, இறங்கியது. கடைசியில் காற்று எங்களை விட்டு அடுத்தவர்களைத் தேடிப் போயிற்று.

வீடு நின்றது. மூடுதுணியைத் திறந்தோம். வெளிச்சம் தரையில் கிடந்த கற்களின் மேல் விழுந்தது.

செவெல் முதலில் குழந்தையிடம் போய்த் தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். பிறகு ஒரு கல்லை எடுத்துக்கொண்டு தோர்லிக்கிடம் வந்தாள்.

"இது என்ன?"

அவன் குனிந்து விழுந்த கச்சையை எடுத்தான்.

"எத்தனை நாளா இதைச் சுமந்துக்கிட்டுத் திரியறே?"

"வசந்தம் ஆரம்பிச்சதுலேருந்து."

"இது மூட்டையில இருந்தா நான் கயித்துல கட்டியிருப்பேன். இருக்கிற மூட்டையையும் பிரிச்சுப் போட்டுட்டு உன்னை நம்பி உட்கார்ந்திருந்தேன். என் பொண்ணு இந்தக் கூரைக்குக் கீழ இருக்கா, தோர்லிக். கல்லுதான் வேணும்னா, கல்லைக் கொண்டுவந்து குடுத்துட்டுப் போயிருக்கலாமே!"

"குடுத்திருந்தா," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் எதுக்கு?"

செவெல் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள்.

"போ," என்றாள்.

போய்விட்டான். நான் பின்னாலேயே போனேன். மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். உரிந்த கையைத் துணியால் கட்டியபோதுதான் சர்க்கரை, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல? கொழுப்புத் துண்டா வெட்டி வெட்டி நாங்கதானேடா ஊட்டினோம்!"

"தொப்பை போச்சுன்னா என்னை யார் அக்கா கூப்பிடப் போறா? வீட்டுக்கு வாடான்னு சொல்றதே அதுக்குத்தானே."

அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனை தடவை காற்று இல்லாத நாளில் அவனை நாங்களாகக் கூப்பிட்டிருக்கிறோம் என்று யோசித்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி உள்ளே வந்தபோது செவெல் முறிந்த கழிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தைக் காட்டவில்லை.

"உடம்புக்கு என்னவாம்?"

சொன்னேன்.

"செத்துப் போயிடுவாரா?"

"மாட்டான். வாயைக் கட்டிக்கிட்டு, மருந்தைச் சாப்பிட்டா நல்லாத்தான் இருப்பான்."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலையே அவருக்கு," என்றாள். கோபம் போய், குரலில் வெறும் வருத்தம்தான் இருந்தது.

அதன் பிறகு அவன் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டொரு காற்று வந்தது. செவெல் புதுச் சாக்கு தைத்து மணல் நிரப்பிக் கட்டிக்கொண்டாள். நாரா மட்டும் வாசலில் நின்று மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பாள். நான் என் வீட்டுக்குத் தோர்லிக்கைச் சும்மா கூப்பிட ஆரம்பித்தேன். கொழுப்பில்லாத சூப் வைத்தேன். என் கணவர் அதைக் குடித்துவிட்டு, இது ஆட்டைக் குளிப்பாட்டின தண்ணியா என்று கேட்டார். தோர்லிக் சிரித்தான். அவன் சிரிப்புக்குத் தொப்பை தேவையில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் செவெல் பெயரை எடுத்தால் எழுந்து ஒட்டகத்தைப் பார்க்கப் போய்விடுவான். வசந்தம் முடிந்துகொண்டிருந்தது. வசந்தம் போனதும் சொல்கிறேன் என்று அவள் சொன்ன பதில் அந்தப் ‘போ’விலேயே தனக்குக் கிடைத்துவிட்டது என்று அவன் நினைத்திருந்தான்.

புல் தலை காட்டியதும் கோடைக்கால இடத்துக்கு நகர்ந்தோம். வீடு பிரிப்பதும் போடுவதும் எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலை. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட அன்றைக்கு வந்துதான் ஆக வேண்டும். தோர்லிக்கும் வந்தான். மெல்லிய கோடை அங்கி போட்டிருந்தான், ஆள் பாதியாகத் தெரிந்தான். லாரியிலிருந்து சாமான் இறக்கினான், தட்டிகளை விரித்தான், செவெல் இருக்கிற பக்கம் மட்டும் வரவில்லை.

செவெலின் வீட்டைக் கடைசியாகப் போட்டோம். கதவு நின்றது, தட்டிகள் வட்டமாக நின்றன. அடுத்தது உச்சி வளையம். ஒருவர் நடுவில் நின்று வளையத்தை, அதைத் தாங்கும் தூண்களோடு தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றிலுமிருந்து கழிகளை ஒவ்வொன்றாக அதில் செருகுவார்கள். நடுவில் நிற்கிறவர் ஆடினால் எல்லாம் சரிந்துவிடும். எங்கள் பக்கத்தில் அது வீட்டுக்குடையவனின் இடம். வெளியாள் நிற்க மாட்டான், நிற்கவும் சொல்ல மாட்டார்கள். கணவன் போன பிறகு செவெல் தானேதான் பிடித்து வந்தாள். போன வருஷம் என் கணவர் உதவிக்குப் போனபோது, "வேணாம் மாமா, நானே பார்த்துக்கறேன்," என்று சொல்லிவிட்டாள். கை நடுங்க நடுங்கக் கடைசிக் கழிவரை அவளே நின்றாள்.

இந்த முறை வளையத்துக்குப் பக்கத்தில் போனவள் குனியவில்லை. திரும்பினாள்.

"தோர்லிக். அங்க என்ன பண்றே? வந்து வளையத்தைப் புடி."

என் கணவர் கையிலிருந்த கழியைக் கீழே போட்டுவிட்டார். தோர்லிக் தனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"நானா? எங்கிட்ட இப்ப எடையே இல்லையே, செவெல்."

"கீழ இழுக்கறதுக்குத்தான் எடை வேணும். இதைத் தூக்கிக்கிட்டு நிக்கணும். நிப்பியா, மாட்டியா?"

"நிப்பேன்."

"மாத்திரை போட்டியா இன்னிக்கி?"

"காலையிலயே போட்டாச்சு."

"இனிமே எங்கிட்ட எதையும் ஒளிக்கக் கூடாது."

"சரி."

அவன் நடுவில் போய் வளையத்தைத் தூக்கினான். கைகளில் கயிறு உரித்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. நாங்கள் சுற்றி நின்று கழிகளைச் செருகினோம். நாரா தன் உயரத்துக்கு எட்டாத கழியைத் தூக்கிக்கொண்டு அவன் காலைச் சுற்றி ஓடினாள். அவன் கீழே பார்க்கவில்லை, கண்ணை மூடித் திறக்கவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. என் கண்ணிலும் வழிந்தது. எனக்குக் கை இருந்தும் துடைத்துக்கொள்ளவில்லை.

கடைசிக் கழியும் ஏறியது. கயிற்றை இறுக்கிக் கட்டினோம். அப்போதும் அவன் கையை எடுக்கவில்லை.

"விடு தோர்லிக். வீடு நிக்குது," என்றாள் செவெல். "இங்கயே உள்ள உட்காரு. எங்கயும் போயிடாதே."